குறைவு

பாளையங்கோட்டை மண் பரிசோதனைக் கூடத்தில்
ஆவுடைத்தங்கம் கையெழுத்துப் போட்டுத் தந்த அட்டை:
தழைச்சத்து குறைவு.
மணிச்சத்து குறைவு.
சாம்பல்சத்து மத்திமம்.
சுண்ணாம்பு மட்டும் தாராளம்.
"இடிச்ச காரையக் கொட்டித்தான மனைய மேடாக்குனிய?" என்றாள்.
ஆமாம் என்றேன்,
பரீட்சையில் கோட்டை விட்டவன் குரலில்.

அன்றைக்கே குளத்து வண்டல் ரெண்டு சாக்கு,
வேப்பம்புண்ணாக்கு, மக்கின சாணி.
பிச்சி தின்றது, இன்னும் கொண்டா என்றது.
கொடுத்தேன்.
ஐப்பசி வரைக்கும் தெருவே மணத்தது.

அந்தக் கையோடு
பணகுடி விலக்கில் காற்றாடிகளுக்குக் கீழே
நெற்று பொறுக்கி வந்து முளைக்கவைத்த ஆவாரைக்கும்
அதே விருந்து.
இடுப்புயரம் போனது. இலை இலையாய்ப் போனது.
ஒரு மொட்டு இல்லை.
அடைமழையில் தூர் அழுகிச் சாய்ந்தபோது
பிடுங்கி முகர்ந்தேன்:
வேரில் என் கருணையின் வாடை.

மீதி விதையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
காரைக்கட்டிகளுக்குள் வீசினேன்.
மறந்துவிட்டேன் என்று சொல்லமுடியாது,
கோபத்தில் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த ஆனியில் அல்ல, அதற்கடுத்த ஆனியில்
மேல்காற்று கொடித்துணியை அங்கே கொண்டுபோய்ப் போட்டது.
எடுக்கப் போனேன்.
முழங்காலளவுதான் செடி.
சிமெண்ட் தூசி அப்பிய இலை.
உச்சியெல்லாம் மஞ்சள்.

அலமாரியில் அட்டையைத் தேடி
மறுபடி வாசித்தேன்.
குறைவு, குறைவு என்றுதான் இருந்தது.
யாருக்கு என்று எழுத
அதில் கட்டம் இல்லை.

வெளியே பிச்சி வாடிக் கிடந்தது.
வாளியில் சாணி கரைக்கப் போனேன்.