முன்னுரிமைப் பட்டியல்

மூன்று மணி பன்னிரண்டுக்குக் குன்று அணைந்தது.
முதலில் நூலகக் கோபுரம், அப்புறம் வேதியியல் கட்டடம்,
கடைசியாக
பனி மூடிய சைக்கிள்களுக்கு மேல் எரிந்த அந்த ஒற்றை விளக்கு.
கீழே ஃபியோர்டு மட்டும் தன் கறுப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

என் கணக்கு பத்தாம் நாளில் ஓடிக்கொண்டிருந்தது.
பதினோராம் நாள் விடை.
காற்றாலை இறக்கையின் நுனியில் பனி எப்படி ஒட்டுகிறது என்று
முப்பது லட்சம் கட்டங்களாக வெட்டிக் கேட்டிருந்தேன்.
காலணியை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன்,
நிஜப் பனியில் இருமுறை விழுந்து.

அடித்தளத்து மின்னறையில் தோர்தீஸ்.
நெற்றியில் விளக்கு, வாயில் பாதி ரொட்டி,
கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்.
"ஜெனரேட்டர் தருவது நானூறு கிலோவாட்.
குன்று கேட்பது ஆயிரத்து நூறு.
நீ எது?"

நீ யார் என்று கேட்கவில்லை.

"கணிப்பொறிக் கூடம்."
அவள் விரல் தாளில் இறங்கிற்று, இறங்கிற்று,
பதினேழில் நின்றது.
"பதினேழு வரை தாங்கும்."
மூச்சு விட்டேன்.
விட்ட பிறகுதான் எனக்கு மேலே இருந்தவர்களைப் படித்தேன்.

நச்சுவாயுவை உறிஞ்சும் விசிறிகள்.
திரவ ஹீலியத்தில் முழுகிய காந்தம்,
சூடேறினால் கொதித்து ஊரைக் கூட்டிவிடுமாம்.
மைனஸ் எண்பதில் உறங்கும் பாரெண்ட்ஸ் கடலின் சேறு,
குழாய்க்கு ஒரு கோடைக்காலம்.
காட் மீன்களின் காதெலும்பு.
ஏழு வருடமாக ஒரே எடையைச் சுமந்து
மெல்ல வளைந்துகொண்டிருக்கும் ஒரு கான்கிரீட் உத்திரம்;
அதை யாரும் தொடக் கூடாது, பார்க்க மட்டும்.
அலைத்தொட்டிக்கு எண்ணே இல்லை.
"அலை தானாக அடங்கும்" என்றாள்.

நாலு வருடம் இந்தக் குன்றில் இருந்திருக்கிறேன்.
விருந்தினர் வந்தால் சுற்றிக்காட்டுபவன் நான்தான்:
இத்தனை துறை, இத்தனை ஆய்வகம், இத்தனை காப்புரிமை.
உள்ளபடி எனக்குத் தெரிந்தது
மூன்று கதவு, ஒரு காப்பி இயந்திரம்,
அந்த இயந்திரத்தின் கோளாறு.

தொலைபேசி. யாரோ பேராசிரியர், லேசர், லேசர் என்கிறார்.
"இருபத்திரண்டு" என்று வைத்துவிட்டாள்.

அப்போது வந்தான் அஸ்லாக்,
முழங்கை வரை நனைந்து.
"மீன்கள். மூவாயிரம். காற்று நின்று பதினெட்டு நிமிடம்."
தோர்தீஸ் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமை.
பட்டியலில் ரெக்டர் கையெழுத்திட்டது வசந்தத்தில்.
மீன்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தது இலையுதிரில்.

பம்பு சின்னது.
ஆனால் அது தொங்கும் கிளையில்
அடித்தளம் முழுவதும் தொங்குகிறது.

அவள் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், வாதாடியிருப்பேன்,
பேட்டரி இன்னும் பத்து நிமிடம் வரும் என்றிருப்பேன்.
ஒரு நெம்புகோல் கீழே. ஒன்று மேலே.
பத்து நாளின் சத்தம் அவ்வளவுதான்: டக்.

(இடையிடையே சேமித்து வையுங்கள் என்று
எங்கள் அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு இருக்கிறது.
ஒட்டியவன் நான்.)

எதற்கென்று தெரியாமல் அஸ்லாக்கின் பின்னால் நடந்தேன்.
அவன் கைவிளக்கில் தொட்டி, தொட்டி, தொட்டி,
வரிவரியாய் உடம்பு,
எல்லாம் நீரின் மேல்விளிம்பில் வாயைத் திறந்து
ஒரே சொல்லைச் சொல்ல முயல்வதுபோல்.
பிறகு எங்கோ ஒரு குழாய் இருமிற்று.
குமிழிகள்.
"குஞ்சுகளின் இதயம் வெளியே தெரியும்" என்றான்.
குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.
தலையாட்டினேன்.

ஐந்து நாற்பதுக்கு வெளிச்சம்.
தோர்தீஸ் பேனாவால் தாளில் எழுதப் பார்த்தாள்;
பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, கட்டைவிரலில் வந்துவிட்டது.
ஆணி ஒன்றைத் தேடி எடுத்து
பதினாறுக்கும் எனக்கும் நடுவே இடமில்லாததால்
ஓரத்தில் கீறினாள்: மீன்.

மாடியில் எல்லாவற்றுக்கும் முன்னே விழித்திருந்தது
காப்பி இயந்திரம்.
கோப்பை இல்லாமலே ஊற்றிக்கொண்டிருந்தது.