கூண்டு ஏற்றாத புயல்

புளியந்தோப்பில் ஒரு மழைநீர் வடிகால்.
ஒரு மீட்டர் ஓடினால் ஒரு மில்லிமீட்டர் இறங்கும்,
அவ்வளவுதான் சரிவு.
மட்டத்தை நான் தப்பாகக் குறித்தால்
டிசம்பரில் தண்ணீர்
யார் வீட்டுக்குத் திரும்பும் என்பது மாறும்.

இரவு எட்டேகால்.
லாரிகள் ஓய்ந்த பிறகுதான் தெரு எங்களுக்குக் கிடைக்கும்.
தேசப்பன் கம்பத்தைப் பிடித்து நிற்கிறான்.
கம்பத்தின் தலையில் வெள்ளை ஆன்டெனா,
கவிழ்த்துவைத்த தயிர்க்கிண்ணம் மாதிரி.
பதினேழு செயற்கைக்கோள்கள் அதற்குள் பேசின.
திரையில் பச்சை: ஃபிக்ஸ்.

பிறகு பச்சை மஞ்சளானது: ஃப்ளோட்.

தேசப்பன் அசையவில்லை. எண்கள் அசைந்தன.
கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மீட்டர் என்றிருந்த அதே இடம்
ஒரு டீ குடிப்பதற்குள் நாலரை ஆனது,
அப்புறம் கடலுக்கும் கீழே போனது.

"பேட்டரியா மேடம்?"
"புயல்."
காசிமேட்டில் பிறந்தவன், காற்றை முகர்ந்து பார்த்தான்.
முருங்கை இலைகூட ஆடவில்லை.
"ஹார்பர்ல எத்தனாம் நம்பர் கூண்டு?"

இதற்குக் கூண்டு இல்லை, தேசப்பா.
முந்தாநாள் சூரியன் காறித் துப்பியது
இன்றைக்கு வந்து விழுந்திருக்கிறது.
பூமியின் காந்தம் அதைத் தோளில் வாங்கித் தள்ளாடுகிறது.
மேலே முந்நூறு கிலோமீட்டரில்,
இங்கிருந்து திருச்சி போகிற தூரம், ஆனால் செங்குத்தாக,
வெயில் பகலெல்லாம் உடைத்துப்போட்ட காற்று கிடக்கிறது,
எலக்ட்ரான் தனியாக, அயனி தனியாக.
பொழுது சாய்ந்தால் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து
மெல்ல அடங்கவேண்டியவை.
இன்று அந்தியில் துருவத்துப் பக்கமிருந்து பாய்ந்த மின்புலம்
அந்த அடுக்கையே தூக்கி நிறுத்திவிட்டது.
தூக்கியதில் அடிவயிறு கிழிந்தது.
கோலி சோடாவில் போல வெற்றுக் குமிழிகள்,
நெல்லைப் பக்கத்து ஆகாயத்தில் எழும்பி
காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு
நம் உச்சந்தலை வரை சரிகின்றன.
கோள்கள் சொல்வது அவற்றில் இடறி
உடைந்த சொல்லாக இறங்குகிறது.

நான் இப்படியெல்லாம் சொல்லவில்லை.
"மேல பிளாஸ்மா கலைஞ்சிருக்கு" என்றேன்.
"தங்கச்சிக்கு டெங்கு வந்தப்ப
ஸ்டான்லியில ஏத்துனாங்களே, அதுவா?"

பேச்சுக்குரல் கேட்டு ரஹ்மத் பீ கதவைத் திறந்தார்.
அவர் வீட்டுச் சுவரில் இடுப்பளவில் ஒரு சேற்றுக்கோடு,
வெள்ளையடித்தும் மறையாதது.
"இந்த வருசமாவது உள்ள வராம இருக்குமா?"

திரையில் அவர் வாசற்படி
மூன்று மீட்டர் மேலே ஏறியது, இறங்கியது, ஏறியது.
இந்தத் தெருவில் ஒரு வீடு
தண்ணீரே இல்லாமல் மிதப்பதை
இன்றுதான் பார்க்கிறேன்.

"நாளைக்குச் சொல்றேன்மா."
"எல்லாரும் அதான் சொல்றாங்க."
கதவு சாத்திக்கொண்டது.

பதினொன்று நாற்பது வரை காத்திருந்தோம்.
அளவைப் புத்தகத்தில் எழுதினேன்:
வானம் சரியில்லை, வேலை நிறுத்தம்.
செயற்பொறியாளர் கேட்பார், மழையா என்று.
ஒரு பொட்டு மேகம் கிடையாது.
கிழக்கே, குடிசைமாற்று வாரியக் குடியிருப்பின்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
திருவாதிரை சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது.

போகலாம் என்று யாரும் சொல்லாததால்
தேசப்பன் இன்னும் கம்பத்தை விடவில்லை.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கம்பத்து ரசமட்டத்தில்
அந்தச் சின்னக் குமிழி மட்டும்
வட்டத்தின் நட்டநடுவில்.