பதினோரு துளை

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
எங்கள் ஷவரில் திறந்திருப்பவை பதினோரு துளைகள்.
மீதியை உப்புத் தண்ணீர் அடைத்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை குண்டூசியால் இரண்டைத் திறந்தால்
புதனுக்குள் வேறு இரண்டு மூடிக்கொள்ளும்.

அதன் கீழே நின்றுதான்
மூக்கைப் பழக்குகிறேன்.

காய்ச்சல் வந்து போனதில்
உடம்பு திரும்பியது, நாக்கு பாதி திரும்பியது,
மூக்கு மட்டும் வரவில்லை.
"நாலு வாசனை, தினமும் ரெண்டு வேளை.
பிள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர்ற மாதிரி" என்றார் டாக்டர்.
கீழமாசி வீதியில் வாங்கினேன்,
கட்டைவிரல் உயரத்தில் நாலு பழுப்புக் குப்பி:
யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், கிராம்பு, ரோஜா.
ரோஜா மட்டும் மற்ற மூன்றின் விலை.

நான் கேஸ் அடுப்பு மெக்கானிக்.
வாயுவுக்குச் சொந்தமாக வாசம் கிடையாது, தெரியுமா?
கசிந்தால் காட்டிக்கொடுக்கட்டுமென்று
நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள்.
அந்த நாற்றம்தான் என் சம்பளம்.
பத்தொன்பது வருஷம்
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன்
ரெகுலேட்டரா, டியூபா என்று.
இப்போது சோப்பு நுரையைத் தடவி
குமிழுக்குக் காத்திருக்கிறேன்.
"உங்களுக்கு அடிக்கலையா?" என்று
அந்த வீட்டுக்காரம்மா கேட்டுவிடாதபடி
பேச்சுக் கொடுத்துக்கொண்டே.

முதல் நாள், தெரியாமல்,
யூகலிப்டஸை உள்ளங்கையில் ஊற்றி நெஞ்சில் தேய்த்தேன்.
நெருப்பு.
தண்ணீர் பட்டதும் இன்னும் நெருப்பு.
ஜெயக்கொடி தேங்காய் எண்ணெயோடு ஓடிவந்தாள்.
"மூக்குக்குத்தான தெரியல?
தோலுக்குத் தெரியுமில்ல?"

பிறகு கற்றுக்கொண்டேன்.
மேலே படக் கூடாது.
தண்ணீர் நேராக விழாத மூலையில்,
டைல்ஸ் பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில், நாலு சொட்டு.
கதவைச் சாத்தி, வெந்நீரைத் திருகி,
ஆவி ஏறும்வரை கண்மூடி நிற்கவேண்டும்.
இழுக்கிறேன்.
சூடு வருகிறது.
சூடு மட்டும் வருகிறது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்துவாள்,
"இன்னிக்குக் கிராம்பு!"
எப்படியிருக்கு என்பேன்.
"பல்லு டாக்டர் வீடு."
ரோஜாவுக்கு,
"மொய் எழுதுறவர் சட்டை."
எலுமிச்சைப்புல்லுக்கு அவளிடம் சொல் இல்லை.
புல்லும் இல்ல, எலுமிச்சையும் இல்ல என்று
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு,
"காலைல தொறந்தவுடனே பேங்க்கு" என்றாள்.

ஐந்து மாதம்
அவள் மூக்கால்தான் குளித்தேன்.

கிராம்பு மட்டும் ஏன் சீக்கிரம் இறங்குகிறதென்று
குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் ஒருநாள்.
மூடி சரியில்லை, ஆவியாகிறது என்று
டெஃப்லான் டேப் சுற்றிவைத்தேன்.
தொழில் புத்தி.

நேற்று, ஆவிக்கு நடுவே ஒன்று.
நூல் மாதிரி.
கிராம்பு இல்லை. நாலில் எதுவுமில்லை.
கேஸ் என்று கை தானாகச் சுவரைத் தேடியது,
குளியலறையில் ஏது வால்வு?
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன்.
அழுகல். இனிப்பும் முடியும் கலந்த,
தொண்டையைப் பிடிக்கிற, அசல் அழுகல்.

"ஜெயக்கொடி! ஏதோ செத்துக் கெடக்கு!"

கரண்டிச் சத்தம் நின்றது.
"பெருச்சாளி. பைப் சந்துக்குள்ள.
ஒம்பது நாளாச்சு."

"சொல்லக் கூடாதா?"

"நீங்களாச்சும் நிம்மதியாக் குளிங்கன்னுதான்."

தலையில் ஷாம்பு. கண்ணிலும்.
"அப்ப கிராம்பு?"

"பின்ன, நான் எப்படிக் குளிக்கிறதாம்?"

அவளுக்கு அழுகையா சிரிப்பா என்று
கதவு சொல்லவில்லை.
பதினோரு துளையும் விழுந்துகொண்டிருந்தன.
வாயை மூடிக்கொண்டு
இன்னொரு முறை,
அடிவயிறு வரைக்கும்,
பெருச்சாளியை இழுத்தேன்.