வருகைப் பதிவு

கணக்கு டீச்சரை
வாக்காளர் பட்டியல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.
ஏழையும் எட்டையும் ஒரே அறையில் அடைத்து
அறுபத்திரண்டு பேர்.
ஓடுகிற ஃபேன் ஒன்று.
அதனடியில் இடம் பிடிக்க
தினம் ஒரு சட்டை கிழியும்.
குடியாத்தம் வெயிலுக்கு ஒன்பதரைக்கே
கூரைத் தகரம் படபடக்கிறது.

புவியரசன்
பெஞ்சுக்கடியில் விரலை உருட்டிக்கொண்டே இருந்தான்.
தாளம் போடுறியா என்றேன்.
இல்ல டீச்சர், பீடி.
கூரை இன்னொரு முறை அதிர்ந்தது.
ராத்திரி எத்தனை கட்டு என்று
கேட்டிருக்கலாம்.
போ வெளியே என்றேன்.

பத்து மணிக்குள் வருகை ஏற வேண்டும்.
ஏறாவிட்டால் வட்டார அலுவலகத்திலிருந்து போன் வரும்,
அதற்கு மட்டும் எப்படியோ சிக்னல் கிடைக்கும்.
செல்லைத் தூக்கிப் பிடித்தபடி
வராந்தா, குழாயடி, கழிப்பறைச் சந்து.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கேட்காமலே வாங்கிக்கொண்டு
மதில்மேல் ஏறினான் அவன்.
ஒரு காலை வேப்பங்கிளையில் ஊன்றி
கையை உயர்த்தினான்.
ஜன்னல் கம்பிகளில் அறுபத்தோரு பேர்,
மூச்சுச் சத்தம்கூட இல்லை.
ஜூனிலிருந்து
இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை.

போய்டுச்சு டீச்சர்!
கத்தினான்.
அப்புறம் திரையை இன்னொரு தரம் பார்த்து,
இறங்காமல்,
மெதுவாக:

என்ன ஆப்சென்ட் போட்டிருக்கீங்க.