இது மதி

இஞ்சிவிளையில் எடுத்த சீட்டு.
கடைசி நான்கு எண்ணுக்கு ஐயாயிரம்.
ரோட்டுக்கு இந்தப் பக்கம் அது குற்றம்,
அந்தப் பக்கம் அரசாங்கம்.
ஷைனியிடம் மூவாயிரம் என்றேன்.

களியக்காவிளைச் சந்தையில்
விடியாத மூன்று மணிக்கு எனக்குக் கணக்கு:
சாளை எத்தனை பெட்டி, அயலை எத்தனை,
ஐஸ் எத்தனை பார், உருகினது யார் தலையில்.
பதினொன்றுக்கு வீடு வந்து
கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்து
இரண்டடித் தொட்டிமுன் உட்கார்ந்தால்
கோமாளி மீன் ஒரு ஜோடி,
ஐந்து ரூபாய் நாணயம் அகலத்தில்
காளான் பாலிப் மூன்று,
முப்பத்தொன்று புள்ளி நான்கு டிகிரி.
பாலிப் மூன்றும் சுருங்கிக் கிடக்கும்,
உள்ளங்கையில் மூடிய பஸ் டிக்கெட் போல.

கடல் பைக்கில் அரை மணி.
அதன் உப்பை நான் பாக்கெட்டில் வாங்குகிறேன்.

பாறசாலையில் சஜிகுமார் கடை.
கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கன்ட்ரோலர்,
நாற்பத்தெட்டாயிரம்.
சூடு பார்க்கும், உப்பு பார்க்கும், புளிப்பு பார்க்கும்,
மேகம் மூடும், இடியில்லாமல் மின்னும்,
ராத்திரி நீலத்தில்
வளர்பிறை தேய்பிறை நாள் தவறாமல் காட்டும்.
எங்கே இருந்தாலும் போனில் சொல்லும் என்றார்.
எங்கே இருப்பேன்?
லாரிக்குப் பின்னால், முழங்கால்வரை ஐஸ் தண்ணீரில்,
போன் பாலித்தீன் பையில்.
'உன் தொட்டி கொதிக்கிறது' என்று அது சொன்னால்
சரி என்று சொல்லி
அடுத்த பெட்டியை எழுதுவேன்.

அவர் குனிந்து, கீழ்த்தட்டில் துழாவி,
நாலு தீப்பெட்டி அடுக்கின அளவில்
ஒன்றை எடுத்து வைத்தார். எண்ணூற்றைம்பது.
சிவப்பு எண், இரண்டு பட்டன், ஒரு வயர்.
இருபத்தேழு தாண்டினால் காற்றாடியைச் சுற்றும்,
தணிந்தால் நிறுத்தும்.
வேறொன்றும் தெரியாது அதற்கு.

'அண்ணா, இது மதி' என்றார்.
எனக்கு ஒரு நொடி நிலா என்றே கேட்டது.
நிலா அலமாரிக்குள் இருந்தது.
அவர் சொன்னது போதும் என்று.

நம்பலாமா?
'சில நேரம் ரிலே ஒட்டிக்கொள்ளும்' என்றார்.
தன் சரக்கின் நோயைத் தானே சொன்ன வியாபாரியை
மீன் சந்தையில் நான் கண்டதில்லை.
ஹீட்டரில் ஒட்டினால் தொட்டி குழம்பாகும்,
காற்றாடியில் ஒட்டினால்
கொஞ்சம் குளிரும், கொஞ்சம் வற்றும், அவ்வளவு.
இந்த ஊரில் ஹீட்டர் எவனுக்கு வேண்டும்?

ஆனால் காற்றாடி தண்ணீர் குடிக்கும்.
நாளுக்கு ஒன்றரை லிட்டர்.
தண்ணீர் போகும், உப்பு போகாது,
கடனில் அசல் நிற்பது போல.
அதற்கு ஒரு மிதவை, குட்டி மோட்டார்.
மிதவை சிக்கினால்? மேலே இன்னொரு மிதவை.
அதுவும் சிக்கினால்?
சஜிகுமார் தலையைச் சொறிந்தார்.
'பக்கெட்டைச் சின்னதாக வையுங்கள்.
எல்லாம் தோற்றாலும் ஐந்து லிட்டருக்குமேல் கொட்டாது.'
எந்தப் பெட்டியிலும் வராத கன்ட்ரோலர் அது.
அதற்கு அவர் விலை சொல்லவில்லை.

காற்றாடி இரண்டு, மிதவை இரண்டு, மோட்டார்,
கரண்டு போனால் குமிழிவிட
பேட்டரி பம்பு ஒன்று
(நம் பக்கம் இருட்டினால்
அந்தப் பக்கத்து பேக்கரியில் ஏசி ஓடும்,
அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்து கிடையாது),
எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு.
பில் கேட்கவில்லை.

முதல் ராத்திரி.
டிக். காற்றாடி.
பத்து நிமிடம், இருபது, நான் தூங்கவில்லை.
டிக். நின்றது.
பாலிப் ஒன்று ஓரத்தை மட்டும் விரித்திருந்தது,
மற்ற இரண்டும் இன்னும் நம்பவில்லை.

இரண்டரைக்குச் சட்டையை மாட்டும்போது
இருட்டிலிருந்து ஷைனி கேட்டாள்:
'எவ்வளவு?'
'இருபத்தேழு புள்ளி ஒன்று' என்றேன்.
'நான் கேட்டது ரூபாய்.'