இரண்டு சென்டிமீட்டர்

டாக்டர் ஷமீலா குழல்விளக்கை அணைத்துவிட்டு
ஒரு கைவிளக்கைக் காதோரம் பிடிக்கிறார்.
நேர் வெளிச்சத்தில் தெரியாதாம்.
தெரியும் மேடம்,
வயலையும் அப்படித்தான் பார்ப்போம்.
காலை ஆறரை வெயில் சாய்ந்து விழும்போது
எந்த மூலையில் பள்ளமென்று
நிழலே சொல்லிவிடும்.

மன்னார்குடி மேல ராஜவீதி.
மாடியில் கிளினிக், கீழே உரக்கடை.
யூரியா வாசத்தோடு ஏறி வந்தவனின் கன்னத்தை
இழுத்து இழுத்துக் கணக்கெடுக்கிறார்.
ஊசி இறங்கினாற்போல் பதினொன்று.
ஓரம் வெட்டிய பெட்டிபோல் நான்கு.
மிச்சமெல்லாம் அலை:
அடியில் நார் பிடித்திருக்கிறது,
இழுத்தால் நிமிரும், விட்டால் அமுங்கும்.

பதினாலு வயதில்
மோட்டார் கொட்டகைக் கண்ணாடிச் சில்லைப் பார்த்து
கட்டைவிரல் நகத்தால் நானே தோண்டியவை.
பிறகு பற்பசை. பிறகு எலுமிச்சை.
பிறகு மெடிக்கலில் முப்பது ரூபாய்க்கு
பெயர் கேட்காமல் வாங்கிய வெள்ளை கிரீம்.
"ஸ்டீராய்டு" என்கிறார்
எழுதுவதை நிறுத்தாமல்.

நான் லேசர் ஓட்டுகிறவன்.
டிராக்டருக்குப் பின்னால் வாளி,
வரப்பில் முக்காலி,
முக்காலித் தலையில் சுழலும் சிவப்புக் கண்.
அது சொல்கிறபடி வாளி ஏறும், இறங்கும்,
மேட்டை வழித்துப் பள்ளத்தில் கொட்டும்.
ஏக்கருக்கு மூன்று மணி நேரம்.
எனவே லேசர் என்றதும்
தெரிந்தவன்போல் கேட்டேன்:
எத்தனை மணி நேரம் ஆகும் மேடம்?

அவர் சிரிக்கவில்லை.
முகத்தில் மேடு கிடையாது, வழித்துப் போட.
புண்ணாக்கினால்தான் தோல் தானாக ஊறி வரும்.
நம் நிறத்துக்கு லேசரை அவசரமாக அடித்தால்
குழி இருந்த இடத்தில் கருப்பு உட்காரும்.
முதலில் அடிநாரை ஊசியால் அறுக்கலாம்.
ஆழமானவற்றுக்குக் குச்சி முனையில் ஒரு துளி அமிலம்.
அப்புறம் முள் உருளை.
லேசர் கடைசியில், அதுவும் குறைந்த சூட்டில்,
அதுவும் வேண்டுமென்றால்.
ஆறு தடவை. தடவைக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
முழுசாப் போகாது, பாதி போனால் நல்லது.
ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம்
வெயிலில் நிற்கக் கூடாது.

மேட்டூர் திறக்க இருபத்தெட்டு நாள்.
வடுவூரிலிருந்து கோட்டூர்வரை
எட்டுப் பேர் தேதி வாங்கியிருக்கிறார்கள்.
வெயிலை விட்டால் எனக்கு வேலையில்லை,
வேலையை விட்டால் உங்களுக்கு ஃபீஸ் இல்லை.
இரண்டு பேரும் காலண்டரைப் பார்த்தோம்.
ஐப்பசி, என்றேன்.

ஐப்பசியில் அடைமழை.
மரப்பு கிரீமைப் பூசி மேலே பாலிதீன் ஒட்டி
பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.
எதிரே அதே பாலிதீனோடு ஒரு பெண்,
நர்சிங் மாணவி போல, மடியில் குடை.
உதடு மரத்துப்போனதால் பேச வரவில்லை.
போனில் எழுதிக் காட்டினேன்: வலிக்குமா?
அவள் எழுதினாள்:
சத்தம்தான் மோசம்.

அப்படித்தான் இருந்தது.
நார் அறுபடுவது
ஈர மண்ணிலிருந்து கோரையைப் பிடுங்குகிற சத்தம்,
ஆனால் உள்ளே, செவிக்கு அருகில்.
மூன்று நாள் கன்னம் வீங்கி நீலம் பாரித்தது.
கேட்டவர்களிடம் குளவி என்றேன்.
குளவி கார்த்திகையிலும் கொட்டியது,
மார்கழியிலும் கொட்டியது.

மூன்று தடவைக்குப் பிறகு
மறுபடி விளக்கை அணைத்தார், சாய்த்துப் பிடித்தார்,
பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்தார்.
முப்பத்தைந்து சதவீதம் என்றார், கொஞ்சம் தயங்கி.
எங்கள் வேலையில் மேடம்,
இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும்
சமம் என்றுதான் பில் போடுவோம்.
அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பங்குனி. கோட்டூரில் முதல் வயல்.
முகத்தில் திட்டுத் திட்டாக சன்ஸ்கிரீன்,
அதன்மேல் துண்டு.
துண்டை அவிழ்த்துத் தண்ணீர் குடிக்கையில்
வயல்காரர் கலியபெருமாள்
என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.
ஏதோ மாறியிருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை.
"என்ன தம்பி, இளைச்சுட்டியா?"
ஆமாண்ணே, என்றேன்.
வாளியை இறக்கினேன்.