எத்தனை அங்குலம்

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு
இன்னும் முப்பத்தெட்டு நாள்.
மாரிட் மடிக்கணினியை
என் பக்கம் திருப்பி வைக்கிறாள்.
"நீயே சொல். எதை வாங்கலாம்?"

நான் டுலூத் நகராட்சியில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
அமினோ அமிலங்கள் இருபது என்பதே
குளியலறைக் கண்ணாடியில் அவள் ஒட்டிய தாளில்
பல் துலக்கும்போது படித்ததுதான்.
லூசினையும் லைசினையும்
இன்னும் மாற்றித்தான் சொல்வேன்.
என்னிடம் கேட்கிறாள் என்றால்
மணி பதினொன்று, வேறு ஆளில்லை.

ஒரு கம்பெனியின் மாதிரித் தேர்வு
ஐந்நூற்றுப் பன்னிரண்டு கொடுத்தது.
அன்று பீட்சா வரவழைத்தோம்.
அடுத்த சனிக்கிழமை வேறொரு கம்பெனி
நானூற்றுத் தொண்ணூற்றேழு என்றது.
அன்று அவள் சாப்பிடவே இல்லை.
அதே தலை, அதே நாற்காலி,
நடுவில் ஏழு நாள்.
பயந்தவளும் பணம் கட்டுவாள்
குளிர்ந்தவளும் கட்டுவாள்,
கடைக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தேர்வை நடத்துகிறவர்களே தரும் தாள்கள் உண்டு.
அவைதான் உரைகல் என்கிறாள்.
அதில் ஒன்றே ஒன்று பாக்கி.
கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகள் மாதிரி
எடுக்காமல் வைத்திருக்கிறாள்,
எந்த விருந்தாளிக்கோ.

வாடகை போகக் கணக்கில்
நூற்றுப் பதினான்கு டாலர்.

விடிகாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில்
யார் யார் கையிலோ ரத்தம் எடுக்கிறாள்.
விரலால் ஒருமுறை தடவுவாள்,
எந்த நரம்பு என்று உடனே தெரிந்துவிடும்.
கண்ணுக்குத் தெரிவது நழுவிப் போகும்,
விரலுக்குத் தெரிவதே கொடுக்கும் என்பாள்.
அந்த விரல் இப்போது
"வாங்கு" என்ற பொத்தானுக்கு மேலே
அசையாமல் நிற்கிறது.

எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான்.
ஏரி உறைந்ததும், வண்டியை இறக்குமுன்,
துளை போட்டு அளப்போம்.
நாலு அங்குலத்தில் ஆள் நடக்கலாம்.
பிக்கப் ஏறப் பதிமூன்று வேண்டும்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
இங்கே ஆழம் யாருக்கு வேண்டும்?
மேலே இருக்கும் கனம்தான் கணக்கு.

பெரியப்பா மகன் டேரல்
கரையோரம் ஒரே துளை போட்டான்.
பதினாறு அங்குலம்.
ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டிப் போனான்.
ஓடை வந்து சேரும் இடத்தில்
வண்டி உள்ளே போயிற்று.
ஜன்னல் வழியே அவன் வெளியே வந்தான்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு.
துளை பொய் சொல்லவில்லை.
அது இருந்த இடத்தைப் பற்றி மட்டும் சொன்னது.

இதைச் சொல்லிவிட்டு
அசட்டுத்தனமாக இருக்கிறதோ என்று
காபிக் கோப்பையைக் கழுவ எழுந்தேன்.

"அப்படியானால் நான்," என்றாள் முதுகுக்குப் பின்னால்,
"இவ்வளவு நாளும் கரையிலேயே
துளை போட்டுக்கொண்டிருந்தேன்."

எதையும் வாங்கவில்லை.
சனிக்கிழமை காலை எட்டு மணி.
கடைசித் தாளைத் திறந்தாள்,
போனை ரொட்டி டப்பாவில் போட்டு மூடினாள்.
ஏழரை மணி நேரம் வீடு மூச்சுவிடக் கூடாது.
நான் துளைக்கருவியை எடுத்துக்கொண்டு
கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

இந்த வருஷம் குளிர் தாமதம்.
ஆறு இடத்தில் துளைத்தேன்.
மீன் ஒன்றும் கடிக்கவில்லை,
தூண்டில் போட்டால்தானே கடிக்கும்.

திரும்பியபோது
சட்டியில் சூப் சூடாகிக்கொண்டிருந்தது.
எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
பூட்ஸைக் கழற்றுமுன் அவள்தான் கேட்டாள்:
"எத்தனை அங்குலம்?"

"பதினொன்று. துளை போட்ட இடங்களில்.
ஓடைப் பக்கம் ஏழு."

"வண்டி?"

"கரையில்தான் நின்றது."

மேசைமேல் பென்சிலால் எழுதிய நான்கு எண்கள்.
முதல் எண்ணின் கீழே, இயற்பியலும் வேதியியலும்,
தாள் கிழியும் அளவுக்கு இரண்டு கோடு.
பக்கத்தில் அவள் கையெழுத்தில், சின்னதாக:
ஓடை.

ஏழு என்று அதற்குக் கீழே
நான் எழுதப் போனேன்.
பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு
சூப்பைக் கிளறச் சொன்னாள்.